இடது கை உறை

ஐம்பத்தொன்பதா, அறுபதா, சரியாக வரவில்லை.
நயா பைசா வந்து பழைய அணாவோடு
சண்டை போட்டுக்கொண்டிருந்த காலம்.
கல்மண்டபத்திலிருந்து நாங்கள் ஏழு பேர்
இருட்டோடு புறப்பட்டு ஹார்பருக்குப் போவோம்.
சாக்கு தைக்கிற வேலை.
வளைந்த ஊசி, சணல் நூல்,
ஒரு வாய்க்கு ஒன்பது தையல்,
நூறு வாய்க்கு இவ்வளவு என்று கூலி.
மூட்டைக்குத்தான் வாய், நமக்கு இல்லை என்பாள் அம்சா.
எங்களில் பெரிய வாய் அவளுக்குத்தான்.

கப்பல் அமெரிக்காவிலிருந்து.
மூட்டையாக வராது, வயிறு முட்டக்
கொட்டிவைத்த கோதுமை.
ஆம்பிளைகள் உள்ளே இறங்கி
முழங்கால் புதைய வாரிப் போடுவார்கள்.
காலையில் இறங்கியவன்
புருவமெல்லாம் வெளுத்து
சாயங்காலம் கிழவனாக ஏறி வருவான்.
அந்த வருஷம் துறைமுகத்துப் புறாக்கள்
பறக்க முடியாமல் பெருத்திருந்தன.

எங்களுக்குக் கோதுமையை என்ன செய்வதென்று தெரியாது.
ரேஷனில் போட்டார்கள், வாங்கினோம்.
குளோரியா அதை அரைத்து ஆப்பம் ஊற்றிப் பார்த்தாள்.
சட்டியையே மாற்ற வேண்டியதாயிற்று.

ஒரு நாள், மதியச் சங்குக்குப் பத்து நிமிஷம் இருக்கும்,
மூட்டை வாயில் ஏதோ தட்டுப்பட்டது.
எலி என்று கையை உதறினேன்.
எலியில்லை, உறை.
தோல் உறை, இடது கைக்கு.
கட்டைவிரல் நுனி தேய்ந்து
வேறு நிற நூலால் தைத்திருந்தது.
வீட்டில் யாரோ போட்ட தையல்,
தொழில் தையல் இல்லை. எனக்குத் தெரியும்.
கையை விட்டுப் பார்த்தேன்.
பெரிய வீட்டுக்குக் குடி வந்தவள் மாதிரி
என் கை ஒரு மூலையில் நின்றது.

"இன்னாமே அது, வெள்ளைக்காரன் கையா?" என்றார் மேஸ்திரி.
டேலி எழுதுகிற வரதராஜுலு
பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, யோசித்து,
திரும்பக் காதிலேயே வைத்துக்கொண்டார்.
"கோதுமைக் கணக்குல கை வராதும்மா. நீயே வச்சுக்க."

சோற்று நேரம் பூராவும் அதே பேச்சு.
அவனுக்கு எத்தனை பிள்ளை,
தூக்கில் என்ன கொண்டுவருவான்,
அவன் ஊரிலும் சங்கு ஊதுமா,
லேட்டாகப் போனால் அரை நாள் கழிப்பார்களா.
அங்கே எல்லாருக்கும் கார் உண்டாம் என்றாள் அம்சா.
கார் வச்சிருக்கிறவன் எதுக்குடி
கிழிஞ்சதைத் தைச்சுப் போடறான் என்றேன்.
அவளுக்குப் பதில் வராதது அன்றைக்கு ஒரு நாள்தான்.

வீட்டுக்காரர் பேசின் பிரிட்ஜ் ஷெட்டில்
எஞ்சினுக்குக் கரி தள்ளுகிறவர்.
அவர் எடுத்துக்கொண்டார்.
மூன்று மாசத்தில் வலது கை பழையபடி கரடு,
இடது கை மட்டும் மெத்தென்று ஆகிவிட்டது.
ராத்திரி இரண்டும் என் மேல் கிடக்கும்போது
இரண்டு ஆள் மாதிரி இருக்கும்.
ஒன்று இவர்.
மற்றதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கட்டைவிரல் மறுபடி விட்டுப்போனபோது
முகம் தெரியாத அந்தப் பொம்பிளை போட்டதைப் பிரிக்காமல்
அதன் மேலேயே போட்டேன்.
சணல் நூல்தான், ஒன்பது.

வலது கை எந்தக் கப்பலிலாவது வரும் என்று
இரண்டு வருஷம் ஒவ்வொரு மூட்டையிலும் துழாவினேன்.
ஒரு தடவை பேனா மூடி.
ஒரு தடவை செத்த வெட்டுக்கிளி,
நம் ஊர் வெட்டுக்கிளியைவிடப் பெரிசு.

இப்போது எண்ணூர் ரோடு நெடுக கன்டெய்னர் லாரிகள்.
எல்லாம் சீல் வைத்தது.
நேற்று ரோட்டைத் தாண்ட முக்கால் மணி நின்றேன்.
எந்தப் பெட்டியில் என்ன என்று
டிரைவருக்கே தெரியவில்லை.

உறையா?
சாம்பல் இழுக்கும்போது கை நழுவி
எஞ்சின் அடுப்புக்குள் போயிற்று என்றார்.
ஷெட் முழுக்கத் தோல் நாற்றம் அடித்ததாம்.
அந்த வாரக் கூலியில் நாலணா
தனியாக முடிந்துவைத்தேன், எதற்கென்று தெரியாமல்.
ஞாயிற்றுக்கிழமை சர்க்கரை வாங்கிவிட்டேன்.